குலுங்கி இயங்கும் டீசல் பிக்கப்: எரிபொருள் தொகுதியிற் குறை காணல்

மோட்டார் வாகனம் பற்றிய அலகில் குறை காணும் வினா ஒன்று வந்தால், மாணவர் பலர் “உட்செலுத்தற் பம்பியைக் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டும்” என ஒரே வரியில் விடையை முடித்துவிடுகின்றனர். காரணம் காட்டாத விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது. இதே அவசரம் கராஜிலும் உண்டு. ஒரு சாண் இறப்பர்க் குழாயை மாற்றினால் தீரக்கூடிய குறைக்கு, வாகனத்தை வைத்துப் பிழைப்பவர் பம்பியைப் பழுதுபார்க்கும் முழுச் செலவையும் சுமக்க நேரிடும். எனவே எதை முதலிற் சோதிப்பது, ஏன் அதை முதலிற் சோதிப்பது என்பதை இங்கு படிப்போம்.

1. டீசல் செல்லும் பாதை

டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லை. உருளைக்குள் உறிஞ்சப்பட்ட வளி அதன் கனவளவில் ஏறக்குறைய 20 இல் ஒரு பங்காக நெருக்கப்படும். அப்போது வளியின் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். அதனுள் நுண்ணிய துளிகளாகச் சிதறப்படும் டீசல் தானாகவே தீப்பற்றும். ஆகவே எஞ்சின் சீராக இயங்கப் பின்வரும் மூன்றும் தேவை.

(அ) சரியான அளவு டீசல்
(ஆ) சரியான நேரம்
(இ) சரியான சிதறல்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்களில் நீண்ட காலம் பொருத்தப்பட்ட 2எல், 3எல் ஆகிய நான்கு உருளை எஞ்சின்களை உதாரணமாகக் கொள்வோம். இவற்றில் டீசல் செல்லும் ஒழுங்கு பின்வருமாறு:

தாங்கி → குழாய் → வடிகட்டியும் கைப்பம்பியும் → உட்செலுத்தற் பம்பி → உயரமுக்கக் குழாய்கள் → உட்செலுத்திகள் → மிகுதி டீசல் மீள்குழாய் வழியே தாங்கி

கராஜில் “நொசில்”, “இன்ஜெக்டர்” என்று சொல்லப்படுவது உட்செலுத்தியே. இவ்வகைப் பம்பியில் ஒரே உந்துதண்டே நான்கு உருளைகளுக்கும் முறையே டீசலைப் பகிர்ந்து அனுப்புகின்றது. இதிலிருந்து முக்கியமான முடிவொன்று கிடைக்கும். நான்கு உருளைகளும் ஒருமித்துப் பாதிக்கப்பட்டால் குறை பம்பியில் அல்லது பம்பிக்கு முன்னால் உள்ளது. ஓர் உருளை மாத்திரம் பாதிக்கப்பட்டால் குறை பெரும்பாலும் பம்பிக்குப் பின்னால், அவ்வுருளைக்கு உரிய பகுதிகளில் உள்ளது.

2. உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும்

தாங்கியிலிருந்து பம்பி வரையுள்ள பகுதி உறிஞ்சும் பக்கமாகும். பம்பி டீசலை இழுக்கும்போது இக்குழாய்களினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறைவாக இருக்கும். எனவே குழாயில் வெடிப்பு இருந்தால் எஞ்சின் இயங்கும்போது டீசல் வெளியே சொட்டாது. மாறாக வளி உள்ளே புகும். “எங்கும் ஒழுக்கு இல்லை, ஆகவே குழாய் நல்லது” என்று கூறுவது தவறாவது இதனாலேயே.

பம்பியிலிருந்து உட்செலுத்தி வரையுள்ள பகுதி தள்ளும் பக்கமாகும். இங்கு அமுக்கம் 100 பாரையும் தாண்டும். இங்கு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சீறும்.

வளி எளிதில் நெருங்கும். டீசல் அவ்வாறு நெருங்குவதில்லை. உயரமுக்கக் குழாயினுள் வளிக்குமிழி இருந்தால் பம்பி தரும் தள்ளலை அக்குமிழி நெருங்கி ஏற்றுக்கொள்ளும். உட்செலுத்தி திறக்கத் தேவையான அமுக்கம் உருவாகாது. அவ்வேளையில் அவ்வுருளைக்கு டீசல் கிடைக்காமையால் எஞ்சின் குலுங்கும்.

3. புகையின் நிறம்

கறுப்புப் புகை: டீசல் அளவுக்கு அதிகம் அல்லது வளி போதாது. முதலில் வளி வடிகட்டியைப் பார்க்க வேண்டும். பின்னர் உட்செலுத்தியின் சிதறலைச் சோதிக்க வேண்டும்.
வெண்புகை: டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறுகின்றது. உருளை குளிர்ந்திருத்தல், நெருக்கல் குறைதல், உட்செலுத்தும் நேரம் பிந்துதல் என்பன காரணங்களாகலாம்.
நீலப்புகை: உராய்வுநீக்கி எண்ணெய் எரிகின்றது. இது பெரும்பாலும் எரிபொருள் தொகுதியின் குறை அன்று.

புகை ஒரு குறிப்பு மாத்திரமே. அதை மட்டும் கொண்டு எந்த உறுப்பையும் மாற்றலாகாது.

4. சோதனை வரிசை

செலவு குறைந்ததை முதலிலும் செலவு கூடியதை இறுதியிலும் செய்க. ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றுக. இரண்டை ஒருமித்து மாற்றினால் எது குறையைத் தீர்த்தது என்பது தெரியவராது.

படி 1: தாங்கி. டீசல் போதிய அளவு உள்ளதா எனப் பார்க்க. எஞ்சின் வலுக்குறைந்த வேளையில் தாங்கி மூடியைத் திறக்க. “உஸ்” என்று வளி உள்ளே சென்று, பின் எஞ்சின் சீரானால் வளித்துவாரம் அடைபட்டுள்ளது.

படி 2: நீர். வடிகட்டியின் அடியிலுள்ள வடிகாற் புரியைத் திறந்து சிறிதளவு டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சிறிது நேரம் வைக்க. நீரின் அடர்த்தி அதிகம் என்பதால் அது அடியில் தங்கும். பீப்பாவிலோ கலனிலோ பல நாள் சேமித்த டீசலில் நீர் சேர வாய்ப்புண்டு. மண்ணெண்ணெய் கலந்த டீசலும் தீங்கானது. இப்பம்பியின் உட்பகுதிகளுக்கு டீசலே உராய்வுநீக்கி என்பதால், மண்ணெண்ணெய் கலந்தால் அவை விரைவில் தேயும்.

படி 3: வடிகட்டியும் வளியும். வடிகட்டி அடைபட்டிருந்தால் மெதுவாக ஓடும்போது வாகனம் சீராக இருக்கும், ஏற்றத்தில் வலுக்குறையும். வடிகட்டிக்கும் பம்பிக்கும் இடையில் ஒளிபுகும் பிளாத்திக்குக் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி எஞ்சினை இயக்குக. தொடர்ந்து குமிழிகள் சென்றால் உறிஞ்சும் பக்கத்தில் வளி புகுகின்றது.

படி 4: தனிப் பாத்திரம். சுத்தமான டீசல் உள்ள பாத்திரமொன்றைப் பம்பியிலும் உயரமாக, சூடான பகுதிகளுக்கு அப்பால் வைத்து, பம்பியின் உள்வழிக்கு நேரடியாக இணைக்க. மீள்குழாயையும் அதே பாத்திரத்தில் விடுக. வளியை அகற்றிய பின் எஞ்சின் சீராக இயங்கினால் பம்பியில் குறை இல்லை. அதற்கு முன்னால் உள்ள பகுதியிலேயே குறை. தொகுதியை இரண்டாகப் பிரித்துக் காட்டும் இச்சோதனை மிகப் பயனுள்ளது.

படி 5: உருளை தோறும் சோதித்தல். ஆக்சிலேட்டரை மிதிக்காத நிலையில் எஞ்சினை இயக்கி, உட்செலுத்திகளின் குழாய்ச் சுரைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மீண்டும் இறுக்குக. சுரையைத் தளர்த்தும்போது எஞ்சின் வேகம் குறைந்தால் அவ்வுருளை வேலை செய்கின்றது. மாற்றம் எதுவும் இல்லையெனில் குறையுள்ள உருளை அதுவே.

படி 6: இடம் மாற்றல். அவ்வுருளையின் உட்செலுத்தியை வேறோர் உருளையின் உட்செலுத்தியுடன் மாற்றுக. குறை உட்செலுத்தியுடன் இடம் மாறினால் உட்செலுத்தி பழுது. குறை அதே உருளையில் நின்றால் நெருக்கல் அமுக்கத்தை அளக்க வேண்டும். அதுவும் சரியெனின் மாத்திரமே பம்பியை உரிய சோதனைக்கூடத்துக்கு அனுப்புக.

5. பாதுகாப்பு

உயரமுக்க டீசல் தோலைத் துளைத்து உடலினுள் செல்லக்கூடியது. காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒழுக்கைக் கையால் தடவித் தேடாது மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க. படி 5 ஐச் செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் அணிக. 1997 இல் பயணிகள் கார்களில் அறிமுகமாகிப் பின்னர் பிக்கப்களிலும் பரவிய பொது அமுக்கக்குழாய் முறை எஞ்சின்களில் அமுக்கம் 1000 பாரையும் தாண்டும். அவற்றில் எஞ்சின் இயங்கும்போது எச்சுரையையும் தளர்த்தலாகாது. கணினிச் சோதனைக் கருவியையே பயன்படுத்த வேண்டும்.

6. மாதிரி வினா

மரக்கறி ஏற்றும் டீசல் பிக்கப் ஒன்று இரவு முழுவதும் நின்ற பின் காலையில் இலகுவில் இயங்குவதில்லை. கைப்பம்பியைப் பலமுறை அழுத்தினால் இயங்கும். சிறிது தூரம் சென்றதும் குலுங்கி வலுக்குறையும். எங்கும் டீசல் ஒழுகவில்லை. தனிப் பாத்திரத்தில் இருந்து டீசல் வழங்கியபோது எஞ்சின் சீராக இயங்கியது.

(i) குறை எப்பக்கத்தில் உள்ளது? காரணம் தருக.
(ii) இரவில் நின்ற பின் இயக்கக் கடினமாவது ஏன்?
(iii) அடுத்துச் செய்ய வேண்டியது யாது?

விடை

(i) உறிஞ்சும் பக்கத்தில். தனிப் பாத்திரத்துடன் சீராக இயங்கியதால் பம்பியும் உட்செலுத்திகளும் நன்று. அப்பக்கத்தில் அமுக்கம் குறைவு என்பதால் வளி உட்புகும். டீசல் வெளியே ஒழுகாது.

(ii) வாகனம் நிற்கும்போது வெடிப்பினூடு வளி புக, குழாயிலுள்ள டீசல் தாங்கிக்குத் திரும்பி வடியும். காலையில் பம்பி டீசலுக்குப் பதிலாக வளியையே இழுக்கும்.

(iii) தாங்கி முதல் பம்பி வரையுள்ள இறப்பர்க் குழாய்கள், பிடிகள், கைப்பம்பியின் அடைப்பு வளையம் என்பவற்றைச் சோதித்துப் பழுதானதை மாற்றுக. பின்னர் கைப்பம்பியால் வளியை அகற்றி, குமிழி இல்லாததை ஒளிபுகும் குழாயில் உறுதிசெய்க.

இவ்விடையில் பம்பியைக் கழற்றும் வேலை எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்குக.

நினைவிற் கொள்க

• நான்கு உருளைகளும் பாதிப்பு: பம்பி அல்லது அதற்கு முன்.
• ஓர் உருளை மாத்திரம் பாதிப்பு: பெரும்பாலும் பம்பிக்குப் பின்.
• ஒழுகாத வெடிப்பும் வெடிப்பே.
• ஒவ்வொரு சோதனைக்கும் காரணத்தை எழுதுக, புள்ளி காரணத்துக்கே.