மூத்தோர் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக் கழிவுத்தொகை

ஆண்டுக் கழிவுத்தொகை என்பது, ஒரு பாலிசி ஆண்டில் ஏற்படும் மருத்துவமனைச் செலவில் காப்பீடு பெற்றவர் முதலில் தாமே ஏற்க வேண்டிய தொகை ஆகும். காப்பீட்டு நிறுவனங்கள் இதனை டிடக்டபிள் என்கின்றன. இதற்கு மேற்பட்ட செலவுக்கே நிறுவனம் பணம் தரும். கழிவுத்தொகை கூடினால் பிரீமியம் குறையும். வயது ஏற ஏறப் பிரீமியம் உயர்வதால், மூத்தோர் இவ்வகைப் பாலிசியை நாடுவதுண்டு.

கணக்கிடும் முறை

டாப் அப் பாலிசியில் பொதுவாக ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேரும்போதும் கழிவுத்தொகை தனித்தனியே கழிக்கப்படும். சூப்பர் டாப் அப் பாலிசியில் ஆண்டின் மொத்தச் செலவிலிருந்து ஒருமுறை மட்டுமே கழிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, பெரம்பலூரில் வசிக்கும் 68 வயது முதியவர் ஒருவரின் பாலிசியில் கழிவுத்தொகை 2,00,000 ரூபாய் எனக் கொள்ளலாம். ஜூன் மாதம் இதய சிகிச்சைக்குத் திருச்சியில் 1,50,000 ரூபாயும், அக்டோபரில் எலும்பு முறிவுக்கு 1,20,000 ரூபாயும் செலவாகின்றன. மொத்தம் 2,70,000 ரூபாய். சூப்பர் டாப் அப் எனில் 70,000 ரூபாய் கிடைக்கும். டாப் அப் எனில் ஒன்றும் கிடைக்காது. இரண்டு செலவுகளும் தனித்தனியே 2,00,000 ரூபாயை எட்டவில்லை. முதுமையில் ஒரே ஆண்டில் பலமுறை மருத்துவமனையில் சேர நேரிடலாம் என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது.

கவனிக்க வேண்டியவை

* பாலிசி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. பாலிசி தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படும். புதுப்பித்தவுடன் கழிவுத்தொகைக் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும்.
* பாலிசி ஏற்கும் செலவுகள் மட்டுமே கழிவுத்தொகைக் கணக்கில் சேரும்.
* சொந்தப் பணத்தில் கட்டிய முதல் சிகிச்சையின் ரசீதுகளையும் வெளியேற்றச் சுருக்கத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். அவை இல்லையெனில், கழிவுத்தொகை அளவுக்குச் செலவானதை மெய்ப்பிப்பது கடினம்.
* கோ-பே என்பது வேறு. அது ஏற்கப்பட்ட தொகையில் ஒரு விழுக்காடு. மேற்கண்ட 70,000 ரூபாய்க்கு 20 விழுக்காடு கோ-பே இருந்தால், 56,000 ரூபாயே கிடைக்கும்.

அரசுத் திட்டம்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கழிவுத்தொகை கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் திட்டப் பட்டியலிலுள்ள சிகிச்சைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிப் பெறலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தினர் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் தத்தம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். தனியார் பாலிசி வாங்கும் முன் இத்திட்டத்திற்கான தகுதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.