அவசரப் பிரிவில் ஓர் இரவு

நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல். வண்டி பிடித்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுகிறோம். இரண்டு மணி நேரம் காத்திருக்கிறோம். நமக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைக்கிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. அதை யார்மேல் காட்டுகிறோம்? எதிரே நிற்கும் மிஸ்ஸியின் மேல்தான்.

அங்கே வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. ஆபத்தின் வரிசைப்படிதான் பார்க்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு, அதற்கு அடுத்தது மஞ்சள், பொறுக்கக்கூடியது பச்சை. தாதியோ உதவி மருத்துவ அதிகாரியோ சில நிமிடங்களில் இதை முடிவு செய்யவேண்டும். தவறினால் ஓர் உயிர் போகலாம்.

பால்வெட்டுக்கு எத்தனை மரம் என்பது நமக்குப் பெரட்டிலேயே தெரிந்துவிடும். அவசரப் பிரிவுத் தாதிக்கு அன்றிரவு எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியாது. வார்டில் கட்டில் காலியில்லை என்றால், பழைய நோயாளியையும் கவனித்துக்கொண்டு, புதிதாக வருபவரையும் கவனிக்கவேண்டும். இரவு வேலை பல இடங்களில் 9 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்குத்தான் முடிகிறது.

அப்படியானால் இந்த வேலையில் மனநிறைவு எங்கிருந்து வருகிறது? அமெரிக்க உளவியல் அறிஞர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். சம்பளமும் வேலைச் சூழலும் மோசமானால் மனக்குறை உண்டாகும். ஆனால் அவை சரியாக இருந்தால் மட்டும் நிறைவு வந்துவிடாது. செய்த வேலை பலன் தந்தது என்ற உணர்விலிருந்தும், அதைப் பிறர் மதிப்பதிலிருந்துமே நிறைவு வருகிறது என்றார் அவர்.

நம் தோட்டப் பள்ளியில் படித்துத் தாதியான ஒருத்தியிடம் இதைக் கேட்டோம். ஏச்சைக்கூடத் தாங்கிக்கொள்ளலாமாம். காப்பாற்றி வார்டுக்கு அனுப்பிய பிள்ளை பிழைத்ததா என்று தெரியாமலே போவதுதான் பெரிய வருத்தமாம்.

தீராத வேலை நெருக்கடி மனிதரை உள்ளுக்குள் வற்றச் செய்துவிடும். உலகச் சுகாதார நிறுவனமும் 2019ஆம் ஆண்டில் இதைத் தொழில் சார்ந்த சோர்வு என்று வரையறுத்தது. இப்படிச் சோர்ந்த தாதி வேலையை விட்டுப் போனால், நம் காத்திருப்புத்தான் நீளும்.

ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பது அரசாங்கத்தின் கடமை. நம்மால் ஆவதும் உண்டு. அடையாளக் கார்டையும், சாப்பிடும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோகலாம். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். காத்திருக்கும்போது பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ, தயங்காமல் உடனே சொல்லவேண்டும்.

பிள்ளை குணமாகி வீடு திரும்பும் நாளில், அவசரப் பிரிவு வாசலில் நின்று, பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம்.