'முதலியோர்' என்னும் சொல்லும் சிறுவர் படநூலும்

சிறுவர்க்கென இயற்றப்படும் படநூலைத் தமிழாராய்ச்சியாளர் பலர் ஆராய்ச்சிக்குரிய நூல்வகையாக எண்ணுவதில்லை. படம் உரைக்குத் துணை, உரையோ எளிது, ஆதலின் ஆராய்தற்கு யாது உளது என்பர். சமூக நீதியையும் மக்கள் துணிவையும் பொருளாகக் கொண்ட படநூல்களை நோக்குவார்க்கு இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். உரை எளிதில் மறைத்துவிடும் ஒன்றைப் படம் மறைக்க இயலாது. மதுரை நிகழ்ச்சிகள் இரண்டைக் கொண்டு இதனை விளக்குவாம்.

8-7-1939 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் அமைச்சரான கக்கன், முருகானந்தம் முதலியோர் மீனாட்சியம்மன் கோயிலுட் புகுந்து வழிபட்டனர். அதுகாறும் வாயிலில் தடுக்கப்பட்டுவந்த வகுப்பினர் அவர்கள். கோயிலின் நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு ஒத்துழைத்தார். நுழைவுக்குக் காப்பளித்த சட்டம் அவ்வாண்டிலேயே, ஆயின் நுழைவுக்குப் பின்னரே வந்தது. அன்று வாயிலைக் கடந்தோர் அக்காப்பின்றியே கடந்தனர் என்க.

மேலே யான் 'முதலியோர்' என்று எழுதியதைக் கருதுக. உரைநடை அதற்கு இடந்தருகின்றது. அச்சொல்லுள் உடன் சென்ற பிறர் அனைவரும் மறைந்தனர். இந்நிகழ்ச்சியைப் படநூலாக்கப் புகும் ஓவியர் 'முதலியோர்' என வரைதல் கூடுமோ? ஒவ்வொருவர்க்கும் முகம் வேண்டும், உயரம் வேண்டும். படியின் எப்புறம் நிற்கின்றார் என்பதும் வேண்டும். ஐயரை நடுவிற் பெரியராகவும் ஏனையோரைப் பின்னே சிறியராகவும் வரையின், உரை எத்துணைச் சமத்துவம் பேசினும், கொடுத்தவர் ஒருவர், கொண்டவர் பலர் என்றே படம் குழந்தைக்குச் சொல்லும். ஐயரின் துணிவு மெய்யானது. தம் வகுப்பாருட் பலரின் பகையை அவர் ஏற்றார். ஆயினும் தமக்கே அடைபட்டிருந்த வாயிலில் அடிவைப்பாரின் நெஞ்சம் வேறு. ஓவியம் அறியாத யான் ஒருகால் இவர்களைப் புள்ளிகளாகத் தாளில் நிறுத்திப் பார்த்தேன். ஐயரின் புள்ளியையே முதற்கண் இட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இச்சிக்கலுக்குப் பிறநாட்டார் கண்ட விடை ஒன்று உண்டு. 1960-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் ரூபி பிரிட்ஜசு என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளிக்குக் காவலருடன் சென்றாள். நார்மன் ராக்வெல் இதனை வரைந்து 1964-இல் இதழொன்றில் வெளியிட்டார். அதில் காவலர் நால்வரின் தலைகள் படத்தின் விளிம்பிற்கு மேலே அகப்படாது போயின. சிறுமி மட்டும் முழுமையாக நடக்கின்றாள். காண்பார் நிற்கும் இடமோ கூச்சலிட்ட கூட்டத்தின் இடம். படநூலன்று எனினும் படநூலார்க்குப் பாடமாவது இது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. அம்பேத்கர் வாழ்வைக் கூறும் 'பீமாயணம்' (2011) என்னும் சித்திர நூலில், கோண்டு ஓவியரான துர்காபாய் வியாமும் சுபாசு வியாமும் மாந்தரைக் கட்டங்களுள் அடைத்து வரைய மறுத்தனர். அன்புரை பறவை வடிவிலும், நஞ்சு தோய்ந்த உரை தேட்கொடுக்குடனும் அமைந்தன. யார் பக்கம் நிற்கின்றோம் என்பதை எழுத்தறியாக் குழந்தையும் அறியும்.

இரண்டாம் நிகழ்ச்சி இதனினும் அரிது. உசிலம்பட்டிக்கு அணித்தான பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்த கள்ளர் மக்களுள் 16 பேர் 3-4-1920 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர். 'கொல்லப்பட்டனர்' என்பது செயப்பாட்டுவினை. சுட்டவர் யாவர் என அது கூறாது. துப்பாக்கியை வரையின் அதனைப் பற்றிய கையையும் வரைதல் வேண்டும். கொலையைச் சிறுவர்க்குக் காட்டலாமோ எனின், வீழ்ந்தோரை வரையாது விடலாம். சுட்டோரை விடுதல் ஆகாது என்பது என் துணிபு. குண்டடி பட்டோர்க்கு நீர் கொண்டு சென்று மாண்டவர் மாயக்காள் என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். ஒரு பக்கத்தில் காவலர் வரிசை, எதிர்ப்பக்கத்தில் குடமேந்தி வரும் அப்பெண் எனின், இடையே உள்ள வெற்றிடத்தைக் குழந்தை தானே கடந்து செல்லும்.