ஒரு பகலும் ஓரிரவும்
லே மான்ஸ் மோட்டார்ப் பந்தயமும் கூடாரத்து நண்பர்களும்

பாரிசு நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் லே மான்ஸ் என்னும் பழம்பெரும் நகர் இருக்கின்றது. உரோமர் கட்டிய மதிலின் பகுதிகள் இன்றும் அங்கே நிலைத்து நிற்கின்றன. இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ஹென்றி மன்னன் 1133 ஆம் ஆண்டில் பிறந்ததும் அந்நகரிலேயே. 1908 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8 ஆந் திகதி, அமெரிக்கரான வில்பர் ரைட் இரண்டு நிமிடமும் நீடியாத ஒரு பறப்பினால் ஐரோப்பிய மக்களை வியப்பில் ஆழ்த்தியது இந்நகரின் அயலிலுள்ள குதிரைப் பந்தயத் திடலில்தான். இத்தனை பெருமைகள் இருந்தும், லே மான்ஸ் என்றதும் உலகத்தார் நினைவுக்கு வருவது இருபத்துநான்கு மணி நேர மோட்டார்ப் பந்தயமேயாகும்.

இப்பந்தயத்தைக் காண ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். நூற்றாண்டு விழாவாக நடைபெற்ற 2023 ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு 3,25,000 பேர் வந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் ஓட்டல்களில் தங்குவதில்லை. பாதையைச் சூழ்ந்த வெளிகளிற் கூடாரமடித்துத் தங்குகின்றனர். கடல் கடந்து இங்கிலாந்திலிருந்து நண்பர் கூட்டங்களாக வருவோர் அவர்களுள் மிகப் பலர். இளமையிற் சேர்ந்து வரத் தொடங்கியவர்கள் தலை நரைத்த பின்னரும் அதே தோழருடன், அதே வெளிக்கு வருகின்றனர். கார்கள் ஓடுவதைக் காண இவர்கள் ஏன் இத்தனை பாடுபடுகின்றனர் என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

பொறுமையின் பந்தயம்

முதற் பந்தயம் 1923 ஆம் ஆண்டு மே மாதம் 26, 27 ஆந் திகதிகளில் நடைபெற்றது. மிக விரைவாக ஓடும் கார் எது என்பதைக் காட்டிலும், பழுதின்றி நெடுநேரம் ஓடக்கூடிய கார் எது என்பதை அறிவதே அதனை ஏற்படுத்தியோரின் நோக்கம். இருபத்துநான்கு மணி நேரத்தில் மிகக் கூடிய தூரம் ஓடிய காருக்கே இன்று வெற்றி உரியது. ஒரு காரை மூவர் முறைமாறி ஓட்டுவர். எவரும் ஆறு மணி நேரத்துள் நான்கு மணிக்கு மேல் ஓட்டலாகாது என்பது விதி. 2010 ஆம் ஆண்டில் வென்ற ஔடி கார் 5,410 கிலோமீற்றர் ஓடியது. அதுவும் ஒரே நாளில்!

பாதையின் ஒரு சுற்று 13.6 கிலோமீற்றர் நீளமுடையது. அதிற் பெரும்பகுதி பொதுமக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் சாதாரண வீதியாகும். பந்தயத்துக்காக மட்டும் அதனை மூடிவிடுகின்றனர். 1988 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நேராகச் செல்லும் அவ்வீதியில் ஒரு கார் மணிக்கு 405 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அவ்வேகத்துக்கு அஞ்சியே 1990 ஆம் ஆண்டில் அங்கே இரண்டு வளைவுகளை அமைத்தனர். பந்தய நாளில் வேகம் அங்கே புகழுக்குரியது. வீதி திறக்கப்பட்டதும் அதே வேகம் குற்றமாகிவிடும். களிப்பு மிகுதியால் விரைந்து ஓட்டி, வீடு திரும்பும் வழியிற் பிரெஞ்சுப் பொலிசாரிடம் தண்டம் கட்டும் ஆங்கிலேயர் ஆண்டுதோறும் உளர்.

ஆங்கிலேயர் இப்பந்தயத்தைத் தமதெனக் கொண்டாடுவதற்குத் தக்க காரணமுண்டு. 1924 இலும், பின்னர் 1927 முதல் 1930 வரையும் பென்ற்லி கார்கள் வென்றன. 1950 களில் ஜாகுவார் ஐந்து முறை வென்றது. 1953 ஆம் ஆண்டில் வென்ற ஜாகுவாரின் வட்டுத் தடைகளைப் போன்றவை இன்று சாதாரண மக்களின் கார்களிலும் உள்ளன. பந்தயத்திற் கற்ற பாடம் வீட்டுக் காருக்கும் வந்து சேர்ந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கூடார நகரம்

பயணத்துக்கான ஏற்பாடுகள் பல மாதங்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். நுழைவுச் சீட்டு வேறு, கூடாரமடிக்கும் நிலத்துக்கான சீட்டு வேறு. ஆதலின் நண்பர்களுள் ஒருவர் சீட்டுக்களுக்குப் பொறுப்பாவார். ஒருவர் பொதுப்பணத்தைக் காப்பார். இன்னொருவர் அடுப்பு, பாத்திரம், விளக்கு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பார். போட்ஸ்மத் துறையிற் காருடன் கப்பலேறி நோர்மண்டிக் கரையில் இறங்குவோர் பலர். 1994 ஆம் ஆண்டில் கடலடிச் சுரங்கம் திறக்கப்பட்ட பின்னர், அதன் வழியாகக் காரைப் புகைவண்டியில் ஏற்றிச் செல்வோரும் உளர்.

புதன், வியாழன் நாட்களிற் பயிற்சி ஓட்டம் நடைபெறும். வெள்ளிக்கிழமை பாதை ஓய்ந்திருக்க, சாரதிகள் பழைய கார்களில் ஏறி நகர வீதிகளில் ஊர்வலம் வருவர். சனிக்கிழமை பிற்பகலிற் பந்தயம் தொடங்கும். யூன் மாதமாதலின் பொழுது சாய இரவு பத்து மணியாகும். இருள் கவிந்த பின்னர், பார்வையாளருக்குக் காரின் உருவம் புலப்படாது. விளக்கொளியும் இரைச்சலுமே புலப்படும். பழகிய காதுகள் ஒலியைக் கொண்டே இன்ன கார் என்று சொல்லிவிடும். நண்பருட் சிலர் துயில்வர். சிலர் விழித்திருந்து, யார் முந்தினார், யார் நின்றுபோனார் என்பதை விடியற்காலையில் மற்றையோருக்குச் சொல்வர். மழை பெய்தால் வெளியெங்கும் சேறு. வெயில் எறித்தால் புழுதி. குளிப்பதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவு இடரையும் பணம் கொடுத்து ஏற்கும் இவர்களைக் கண்டு அயலார் நகைப்பதில் வியப்பில்லை.

மறக்கவொண்ணாத மாலை

இப்பந்தயத்தின் கதையில் ஒரு பெருந்துயரும் உண்டு. 1955 ஆம் ஆண்டு யூன் மாதம் 11 ஆந் திகதி மாலை, பியர் லெவெக் என்பவர் ஓட்டிய மேர்சிடிஸ் கார் முன்னே சென்ற வேறொரு காரில் மோதி மேலெழுந்தது. அதன் பாகங்கள் சிதறிப் பார்வையாளர் கூட்டத்தினுட் பாய்ந்தன. லெவெக்குடன் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் உயிரிழந்தனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் இதனினும் கொடிய விபத்து நிகழ்ந்ததில்லை.

எனினும் பந்தயத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மக்கள் யாவரும் ஒருங்கே வெளியேறி, காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு வழி இல்லாமற் போகும் என்று நடத்துநர் கூறினர். நள்ளிரவுக்குப் பின்னர் மேர்சிடிஸ் நிறுவனத்தார் எஞ்சிய தம் கார்களை விலக்கிக்கொண்டனர்; பின்னர் பல்லாண்டுகள் பந்தயங்களிலிருந்தே ஒதுங்கியிருந்தனர். சுவிற்சர்லாந்து தன் நாட்டிற் சுற்றுப்பாதைப் பந்தயங்களைத் தடை செய்தது. லே மான்சிற் பார்வையாளர் மேடைகளையும் அவற்றின் முன்னுள்ள பாதையையும் மாற்றிக் கட்டினர்.

மற்றொரு பாடம் 1969 ஆம் ஆண்டில் வந்தது. அக்காலத்திற் சாரதிகள் பாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து, காரில் தாவி ஏறிப் புறப்படுவது வழக்கம். அவசரத்தில் இருக்கைப் பட்டியைச் சரிவரப் பூட்டாமற் புறப்படுவோர் பலர். இம்முறையைக் கண்டித்து, ஜாக்கி இக்ஸ் என்னும் இளைஞர் ஓடாமல் நடந்து சென்று, பட்டியைப் பூட்டிய பின்னரே கடைசியாகப் புறப்பட்டார். முதற் சுற்றிலேயே வேறொரு சாரதி விபத்தில் மாண்டார். மறுநாள் இக்சின் காரே, நூறு மீற்றர் அளவான வித்தியாசத்தில் முதலாவதாக வந்தது. அடுத்த ஆண்டு முதல் அந்த ஓட்டத் தொடக்கம் கைவிடப்பட்டது. முந்துவதற்கு முதலிற் பொறுக்கவும் வேண்டும் என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

நட்பின் தவணை

மேலே எழுப்பிய கேள்விக்கு இனி வருவோம். வெற்றி தோல்வியை மட்டும் அறிய விரும்புபவர் வீட்டிலிருந்தே அறியலாம். 2016 ஆம் ஆண்டில், முடிவுக்குச் சில நிமிடங்களே இருக்க, முன்னணியில் நின்ற ரொயோட்டா கார் வலுவிழந்து நின்றுவிட்டது; வெற்றி போர்ஷ காருக்குப் போயிற்று. செய்தியாகப் படிப்போருக்கு அது இரண்டு வரி. ஒரு பகலும் ஓரிரவும் அக்காரின் ஒலியைக் கேட்டிருந்தோருக்கோ, தம் வீட்டில் நேர்ந்த இழப்புப் போன்றது. 2018 இல் அதே நிறுவனம் வென்றபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கும் காரணம் அதுவே.

இதனினும் ஆழ்ந்த காரணமொன்றுண்டு. இளமையில் நண்பர்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பள்ளியும் தெருவும் அவர்களைத் தாமே கூட்டிவைக்கும். முப்பது வயதுக்குப் பின் தொழில் ஒருவனை ஓரூருக்கும், மணவாழ்வு மற்றொருவனை வேறோர் ஊருக்கும் கொண்டுபோய்விடும். ‘ஒருநாள் சந்திப்போம்’ என்று சொல்லிக்கொள்வர்; அந்த ஒருநாள் வாராது. லே மான்ஸ் செல்வோருக்கோ நாள் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. மனைவியர் அறிவர், வேலை கொடுப்போர் அறிவர். அவ்வாரத்துக்கு வேறு அலுவல் வைப்பதில்லை. ஒருவர் நோயுற்றால் மற்றையோர் உடனே அறிகின்றனர். ஒருவர் மறைந்தால், அவர் கூடாரம் அடித்த இடத்தில் அவர் பெயரைச் சொல்லிச் சிறிது நேரம் அமர்ந்திருக்கின்றனர். பின்னர் அவர் மகன் அக்கூட்டத்திற் சேர்கிறான்.

நோய்ப் பரவலால் 2020 ஆம் ஆண்டுப் பந்தயம் பார்வையாளர் இன்றிச் செப்டெம்பர் மாதத்தில் நடைபெற்றது. கார்கள் ஓடின, வெற்றியும் கிடைத்தது. வெளிகள் மட்டும் வெறிச்சோடிக் கிடந்தன. பந்தயத்தை எல்லோரும் வீட்டிலிருந்தே காண முடிந்த அந்த ஆண்டில், கூடார நண்பருக்கு எது குறைவாயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மோட்டார்ப் பந்தயத்தில் நாட்டமில்லாதோரும் இவர்களிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அன்பு மனத்தில் இருந்தாற் போதும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அன்புக்கு ஒரு திகதியும், ஓர் இடமும், சிறிது சிரமமும் வேண்டும் என்று இவர்கள் எண்ணுகின்றனர். இந்த ஆண்டு பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர்கள், பிரிவதற்கு முன் தம் தோழருடன் அப்படியொரு நாளைக் குறித்துக்கொள்வார்களாயின், நாற்பது வயதில் அதன் அருமையை உணர்வார்கள்.