மேற்கோள் குறி யாருக்கு?

தலைப்பில் ஒரு சொல்லுக்கு இருபுறமும் இரண்டு சிறு குறிகள். அச்சுக் கோக்கும் தோழருக்கு அது ஒரு விநாடி வேலை. ஆனால் அந்தக் குறி, "இது எம் பேச்சல்ல, அவர் பேச்சு, நம்பினால் நம்புங்கள்" என்று வாசகர் காதில் ஓதிவிடுகிறது. போர்ச் செய்தியில் அது யார் சொல்லுக்கு விழுகிறது, யார் சொல்லுக்கு விழாமல் போகிறது என்பதே நம் கேள்வி.

1964 ஆகஸ்ட் 5. வட வியட்நாம் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. முதல் நாள் இரவு டோங்கின் வளைகுடாவில் அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் இரண்டாம் முறையாகத் தாக்கப்பட்டனவாம்! சொன்னது அமெரிக்க அரசு. வட வியட்நாமோ மறுத்தது. ஆயினும் 'வாஷிங்டன் போஸ்ட்' ஏடு அந்த இரண்டாம் தாக்குதலைத் தலைப்பில் ஏற்றியபோது மேற்கோள் குறியும் இல்லை, 'என்று அரசு கூறுகிறது' என்ற வாலும் இல்லை. கண்ணால் கண்ட உண்மைபோல் அச்சேறியது. ஆகஸ்ட் 7-இல் ஜான்சன் கையில் போர் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்கும் தீர்மானம். பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0. செனட்டில் 88-க்கு 2. மறுத்தவர்கள் மோர்ஸ், கிரீனிங் இருவரே.

அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை, தோழர்களே! சொல்வது நாமல்ல, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாசிரியர் ஹான்யாக் எழுதி, 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வு. ஆகஸ்ட் 2-இல் மோதல் நடந்தது மெய். 4-ஆம் தேதித் தாக்குதல் வெறும் கதை. அதற்குள் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டிருந்தனர். வியட்நாமியர் மடிந்ததோ பல லட்சம்.

அதற்காகக் குறியே கூடாது என்போமா? இல்லை. நேரில் காணாததைச் சொன்னவர் வாயிலேயே வைத்து எழுதுவது நேர்மை. 2022-இல் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா, அதைப் போர் என்னாமல் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றது. மேலை நாட்டு ஏடுகள் அச்சொல்லைக் குறிக்குள் அடைத்தன. சரிதான், அடைக்க வேண்டிய சொல்தான். அப்படியானால் 2003-இல்? ஈராக் மீது பாய்ந்த அமெரிக்கா, தன் படையெடுப்புக்கு 'ஈராக் விடுதலை நடவடிக்கை' என்று பெயர் சூட்டியது. ஃபாக்ஸ், எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சிகளோ ராணுவம் வைத்த அந்தப் பெயரையே தம் செய்திக்கும் தலைப்பாகத் தாங்கி நின்றன. அப்போது மட்டும் கையிருப்பில் குறி தீர்ந்துவிட்டதோ?