ஜப்பானியராகிவிட்ட யவனர்

உத்தியோக நிமித்தமாக அயல்நாடு செல்பவர்களில் பெரும்பாலோர், போன காரியத்தை முடித்து, கடைவீதியில் இரண்டொரு சாமான்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அபூர்வமாகச் சிலர் மட்டும் திரும்பும் எண்ணத்தையே துறந்து, போன நாட்டுக்கே ஆட்பட்டுவிடுவார்கள். அவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் லஃப்காடியோ ஹெர்ன். யவன மாதாவுக்கும் ஐரிஷ் இராணுவ வைத்தியருக்கும் 1850-இல் லெஃப்காடா தீவில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, பள்ளிப் பருவத்திலேயே இடக்கண் பார்வையை இழந்து, அமெரிக்காவில் பத்திரிகைத் தொழிலால் ஜீவித்த இவர், 1890 ஏப்ரலில் யோகஹாமாவில் வந்து இறங்கியபோது, ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குச் சில கட்டுரைகள் எழுதித் தருவதைத் தவிர அந்நாட்டில் அவருக்கு வேறு ஜோலி இருக்கவில்லை.

சித்திரம் வரைய உடன் வந்தவருக்குத் தம்மிலும் அதிக ஊதியம் என்று அறிந்ததும், ஹெர்ன் வெகுண்டு அந்த ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார். வந்த வேலை போயிற்று. ஆயினும் திரும்ப மனம் வரவில்லை. டோக்கியோவில் பேராசிரியராயிருந்த பேஸில் ஹால் சேம்பர்லெய்னின் உதவியால், மட்சுயே என்னும் பழைய கோட்டை நகரில் ஆங்கில உபாத்தியாயர் பதவி கிட்டியது.

எஞ்சிய கண்ணிலும் பார்வை குறைவாதலின், அந்நகரத்தை அவர் பெரிதும் செவி வழியாகவே அறிந்தார் எனலாம். விடியற்காலையில் அரிசி தீட்டும் உலக்கையின் கனத்த ஓசையும், அதைத் தொடர்ந்து பௌத்த ஆலயத்து மணியின் நாதமும், நீர்க்கரையில் முகம் கழுவி உதயசூரியனை நோக்கிக் கைதட்டித் தொழுவோரின் அரவமும், பொழுது ஏற ஏற ஓஹாஷி பாலத்தின்மீது பாதக்குறடுகள் எழுப்பும் சடசடப்பும், 1894-இல் வெளியான அவருடைய முதல் ஜப்பான் நூலில் வரிசை பிறழாமல் பதிவாகியுள்ளன.

மெய்ஜி ஆட்சி மாற்றத்தால் வறுமையுற்ற சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சு, 1891-இல் அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார். அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. கணவருக்கோ ஜப்பானிய மொழி அரைகுறை. இருவரும் தமக்கென்று ஒரு கலப்பு மொழியை உண்டாக்கிக்கொண்டு சம்பாஷித்தனர். இரவில் விளக்குத் திரியைத் தணித்துவிட்டு அம்மையார் பேய்க்கதைகள் சொல்ல வேண்டும். அதையும் புத்தகத்தைப் பார்த்துப் படிக்காமல், சொந்த வாக்கில் சொல்லியாக வேண்டும். 1904-இல் வெளிவந்த ‘க்வைதான்’ கதைத்தொகுதி பெரும்பாலும் இவ்வாறு விளைந்ததே.

ஆனால் முதல் மோகம் நீடிக்கவில்லை. மட்சுயேயின் குளிர் தாங்காமல் குமமோட்டோவுக்குப் போனதும், இராணுவ வாடையும் புதுநாகரிக வேகமும் மிகுந்த அந்நகரம் அவருக்குக் கசந்தது. சிநேகிதர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒருநாள் ஜப்பானைப் புகழ்வார், மறுநாள் வைவார். இருந்தும் 1896-இல், கொய்சுமி யாகுமோ என்னும் நாமம் பூண்டு ஜப்பானியப் பிரஜையானார். அந்நியரைச் சட்டப்படி மணக்கும் பெண் தன் தேசத்துக் குடியுரிமையை இழக்க நேர்ந்த காலம் அது. ஆகவே மனைவி மக்களின் உரிமைகளைக் காக்கும் பொருட்டுத் தம்முடையதை அவர் விட்டுக்கொடுத்தார். பின்னர் டோக்கியோ இம்பீரியல் சர்வகலாசாலையில் கிட்டிய ஆசிரியப் பதவியையும் 1903-இல் இழந்தார். அவருக்குப்பின் அங்கே போதிக்க வந்தவர்களுள் ஒருவரே, பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நட்சுமே சோசெகி.

புதிய தேசத்தின் அழகில் மயங்க ஒரு வாரம் போதும். அழகை மட்டும் நாடி வந்தவன், அது அலுத்தவுடன் அடுத்த தேசத்துக்குப் பயணச்சீட்டு வாங்கிவிடலாம். அங்கேயே சம்பளம் வாங்கி, குடித்தனம் நடத்தி, மேலதிகாரிகளோடு பிணங்கி, குறைகளையெல்லாம் அறிந்தபின்னும் தங்குகிறவனுடைய பற்றோ வேறு ஜாதியைச் சேர்ந்தது. ஹெர்ன், யோகஹாமாவில் இறங்கிய நாள் முதல் 1904 செப்டம்பரில் காலமாகும் வரையில், தாம் அத்தனை வைத அந்நாட்டின் எல்லையை ஒருமுறையேனும் தாண்டவில்லை.