வாய்த் தாளத்துக்கு எந்த மைக்?

உள்ளங்கையை வாய்க்கு நேரே நாலு விரல் தூரத்தில் பிடித்து, அழுத்தி ‘ப்’ என்று சொல்லிப் பாருங்கள். காற்று வந்து அறையும். கையைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி சொல்லுங்கள். காற்று படாது, சத்தம் மட்டும் அப்படியே கேட்கும். ஒலி எல்லாப் பக்கமும் பரவுகிறது. ஊதிய காற்று நேரே போகிறது. வாயால் தாளம் போட்டுப் பதிவு செய்ய விரும்புகிறவர் கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

மாத்தளை மாவட்டத்து வில்கமுவையில் இந்த ஆசை யாருக்கும் வரலாம். கண்டிய மேளமான கெட்டபெரயின் அடிப்படைச் சொற்கள் தத், ஜித், தொங், நங். மிருதங்கம் பழகுகிறவர் த, தி, தொம், நம் என்று தொடங்குகிறார். இரண்டிலும் பாடம் கைக்கு முன் வாயில் ஏறிவிடுகிறது. அந்தச் சொற்கட்டையே மேடைக்குரிய கலையாக்கியது கொன்னக்கோல். மன்னார்குடி பக்கிரியா பிள்ளை அதில் பேர்பெற்றவர். இதேபோல வாயாலேயே மேள ஒலி எழுப்பும் பீட்பொக்ஸ், 1980களில் நியூயோர்க் தெருக்களில் வளர்ந்தது.

வாய்க்குள் என்னதான் நடக்கிறது? தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகாந்த் நாராயணன் குழுவினர் ஒரு பீட்பொக்ஸ் கலைஞரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 17 வகைத் தாள ஒலிகள் தெரிந்தன. பலவற்றில் நுரையீரலுக்கு வேலையே இல்லை. குரல்வளையை மூடி மேலே தள்ளி, வாயில் அடைபட்ட காற்றை வெடிக்கவிடுகிறார். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழி பேசுவோர் அன்றாடம் செய்வதும் இதுதான். ஆங்கிலமும் ஸ்பானியமும் பேசும் அந்தக் கலைஞர், தம் மொழிகளில் இல்லாத ஒலிமுறைகளைத் தாமாகவே எட்டியிருந்தார். எனக்கு இன்றும் வியப்புத் தருவது இதுதான்.

இப்படி வெடிக்கும் ஒலிக்கு டைனமிக் மைக்கே பொருத்தம். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசையும் எளிய அமைப்பு. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிற்கிறது. கண்டென்சர் மைக்குக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், நுட்பமாகக் கேட்கும். ஆனால் தகரக் கூரையில் விழும் மழையையும் சேர்த்தே கேட்கும். டைனமிக்கை உதட்டருகே கொண்டுபோகலாம். தூரத்தைப் பாதியாக்கினால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும். சுவரில் பட்டுத் திரும்புவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் ஒருபக்க மைக்குகளில், நெருங்கினால் அடித்தொனியும் தடிக்கும், ‘தொம்’முக்கு நெஞ்சு வந்துவிடும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் காற்று விலகிப் போகும்.

போன் மட்டுமே இருந்தால் அதிலேயே தொடங்குங்கள், தப்பில்லை. இரைச்சல் குறைப்பு என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது உங்கள் தாளத்தையே இரைச்சலென்று வெட்டிவிடக்கூடும்.

காசு சேர்ந்ததும் முதலில் டைனமிக் மைக், அடுத்து அதைக் கணினியோடு இணைக்க, ஒரு மைக் செருகும் சிறு இன்டர்ஃபேஸ், பிறகு காதை முழுதாக மூடும் ஹெட்போன். மிச்சமிருந்தால் இன்னொரு மைக் வாங்காதீர்கள்; தடித்த போர்வை இரண்டு வாங்கிச் சுவரில் தொங்கவிடுங்கள்.